மிதக்கும் மண்ணுக்கு யார் பட்டா தருவது?

செவ்வாய்க்கிழமை என்றால் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம். கூட்டுறவு சங்கக் களத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று பிரித்து மூட்டைகள் அடுக்கியிருக்கும். விலை படிந்த பிறகு டீக்கடையில் பேச்சு எங்கே போகும் என்று இந்த ஊர்க்காரர்களைக் கேட்கவே வேண்டியதில்லை. நிலம்தான். எந்தக் காட்டுக்கு வரப்புத் தகராறு, யாருடைய கூட்டுப் பட்டா இன்னும் பிரியவில்லை, சர்வேயர் இந்த மாதமாவது வருவாரா, மலையடிவாரத்தில் சென்ட் என்ன விலை. வடக்கே போதமலை, தெற்கே கொல்லிமலை, நடுவில் மரவள்ளியும் மஞ்சளும் விளைகிற செம்மண். இங்கே ஒருவர் யார் என்பதை அவருடைய பட்டா எண்தான் சொல்லும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு செய்தியைச் சொன்னால் சிரிப்பார்கள். இதே நாட்டில், மக்கள் அடுப்பு மூட்டி, கோழி வளர்த்து, பிள்ளை பெற்று வாழ்கிற தரை, காற்று பலமாக அடித்தால் இடம் மாறிவிடும். அங்கே சர்வே கல் நட முடியாது. நட்டால் கல் ஏரிக்குள் போய்விடும். அந்தத் தரைக்குப் பட்டா இல்லை, சிட்டா இல்லை, அடங்கலும் இல்லை. ஆனால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் மட்டும் தவறாமல் வருகிறது.

மணிப்பூர் மாநிலத்தின் லோக்தாக் ஏரியைத்தான் சொல்கிறோம். மிதக்கும் தீவில் வாழும் மக்கள் என்றதும் பயணப் படங்கள் பார்ப்பவர்களுக்குத் தென்னமெரிக்காவின் டிட்டிகாகா நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போகவேண்டாம். நாட்டிலேயே அதிக தூரம் ஓடும் ரயில் நம் சேலம் ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. கன்னியாகுமரிக்கும் அசாமின் திப்ருகருக்கும் இடையே 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ். அதில் ஏறி திமாப்பூரில் இறங்கி, கோஹிமா மலைகளைத் தாண்டி 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சாலையில் போனால் இம்பால். அங்கிருந்து தெற்கே 45 கிலோமீட்டரில் மொய்ராங். ஊர் முடிகிற இடத்தில் ஏரி தொடங்குகிறது.

வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இது. மழைக்கும் கோடைக்கும் தக்கபடி விரிந்து சுருங்கினாலும் பொதுவாக 250 சதுர கிலோமீட்டர் வாக்கில் பரப்பு. மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம் ததும்பி நிற்கும்போதும் இதைவிடச் சிறியதுதான். கரையோரக் குன்று எதிலாவது ஏறிப் பார்த்தால் நீல நீரின் மேல் பச்சை வளையங்கள், திட்டுகள், நடுவில் புள்ளி புள்ளியாகக் குடிசைகள். அந்தப் பச்சைத் திட்டுகளுக்கு அங்கே பும்டி என்று பெயர்.

தரை எப்படி மிதக்கிறது?

நாணல், காட்டுநெல் இனப் புல், பெரணி, ஆகாயத்தாமரை எல்லாம் தண்ணீரில் வளர்ந்து, மடிந்து, மக்கி, வேரோடு வேர் பின்னி, நடுநடுவே வண்டல் ஏறி, ஆண்டுக்கணக்கில் தடித்துப்போன பாளம்தான் பும்டி. இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் விட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நாற்றைச் சுருட்டித் தூக்கும்போது வேர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாயாகவே கையில் வருமே, அதை ஓர் ஆள் உயரத்துக்குத் தடிமனாக்கி நினைத்துப் பாருங்கள். சில இடங்களில் விரற்கடை கனம்தான், சில இடங்களில் இரண்டு மீட்டர் வரை. எந்தக் கனமாக இருந்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும். மீதி நான்கு பங்கு உள்ளே.

மேலே நடந்தால் கால் வைத்த இடம் அமிழ்ந்து, விரல் இடுக்கில் தண்ணீர் ஊறும். காலை எடுத்ததும் தரை பழையபடி எழும். கனமான பாளமாகப் பார்த்து மூங்கில் சட்டம் கட்டி, நாணலோ தகரமோ வேய்ந்து குடிசை போடுகிறார்கள். அதற்கு பும்சாங் என்று பெயர். காற்றில் நகர்ந்துவிடாமல் நீண்ட மூங்கில் கழிகளை ஏரியின் அடிமண்ணில் இறக்கிக் கட்டுவார்கள். தரை நைந்துகொண்டே போகும் என்பதால் புதுப் பும்டியை வெட்டி இழுத்துவந்து அடியில் சேர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நம்மூரில் ஓலைக்கூரை மாற்றுகிற வேலை ஆண்டுக்கொரு தடவை. அங்கே தரைக்கே அந்த வேலை, அதுவும் ஓயாமல்.

இந்த பும்டியை உயிரோடு வைத்திருப்பது எது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி ஏறும்போது பும்டியும் ஏறும். பின்பனி முடிந்து ஏரி வற்றும் மாதங்களில் அது மெல்ல இறங்கி ஏரியின் அடிமண்ணில் உட்காரும். அப்போதுதான் அதன் வேர்கள் சேற்றைத் தொட்டு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்த மழையில் தடித்து, பசுமை கூடி மறுபடி மிதக்கும். ஆண்டுக்கொருமுறை தரை தட்டினால்தான் அதற்குப் பிழைப்பு. எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும் பும்டி பட்டினி கிடந்து மெலிந்துபோகும்.

ஏரியின் தென்கிழக்கு மூலையில் 40 சதுர கிலோமீட்டரில் கெய்புல் லம்ஜாவ் தேசியப் பூங்கா இருக்கிறது. உலகத்தின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா என்று இதைச் சொல்கிறார்கள். தரையில் பெரும்பகுதி பும்டிதான். சங்காய் என்ற மான் இனம் இயற்கையில் வாழ்வது இங்கு மட்டும். இந்த மான் அற்றுப்போய்விட்டது என்று 1951-இல் எழுதிவைத்துவிட்டார்கள். 1953-இல் இ.பி. ஜீ என்ற இயற்கை ஆர்வலர் மீண்டும் கண்டுபிடித்தார். 1975-இல் எண்ணியபோது 14 மான்கள்தான். 1977-இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது, 2016 கணக்கெடுப்பில் 260. அமிழ்கிற தரையில் குளம்பை அகல ஊன்றி அது நடக்கும் விதத்தைப் பார்த்து ஆடும் மான் என்ற பட்டமும் கொடுத்துவிட்டார்கள். பும்டி மெலிந்தால் மானின் கால் உள்ளே இறங்கிவிடும். ஆக, மனிதனுக்கும் மானுக்கும் இங்கே ஒரே தரை, ஒரே கவலை.

வீட்டைச் சுற்றி வலை

பும்சாங் குடிசைகளில் இருப்பவர்கள் ஏரியை நம்பிப் பிழைக்கும் மைத்தேயி இன மீனவர்கள். சாம்பு காங்போக் போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கான குடிசைகள் சேர்ந்து ஊராகவே ஆகிவிட்டன. வீட்டுக்கு வீடு போக ஒடுக்கமான நீளப் படகு. ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோரும் துடுப்புப் போடுவார்கள். மீன் பிடிப்பதிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. கரைக்கு வந்த மீன், முழுக்கப் பெண்களே கடை நடத்தும் இம்பால் இமா கெய்தெல் சந்தை வரை போகும்.

மீன் பிடிக்கும் முறைகளில் பெயர்பெற்றது அத்தாபும். பும்டியை வெட்டி இழுத்துப் பெரிய வளையமாகக் கட்டுவார்கள். வளையத்துக்குள் இரையும் நிழலும் தேடி மீன் சேரும். நாள் பார்த்து சுற்றிலும் வலையை இறக்கி இறுக்குவார்கள். மேலிருந்து எடுத்த படங்களில் ஏரி முழுக்கப் பச்சை வளையல்களாகத் தெரிவது இவைதான். பார்க்க அழகு. ஆனால் வளையங்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் நீரோட்டம் தடைப்படும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அரசு சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சாப்பாட்டுக்குக் கரையை எதிர்பார்த்து நிற்பதில்லை. பும்டியில் முளைக்கும் காட்டுநெல் இனத்தின் இளந்தண்டைக் காம்போங் என்று சொல்லிச் சமைப்பார்கள். முள் நிறைந்த இலையோடு வளரும் தாங்ஜிங் காயும் ஏரியிலேயே கிடைக்கும். சின்ன மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் ஙாரி இல்லாமல் அங்கே சமையல் இல்லை. நம் கருவாட்டு வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவர்கள் ஙாரி சேர்த்த எரோம்பாவின் பக்கம் போவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். கருவாடு பிடித்தவர்களுக்கு அது விருந்து.

படிப்புதான் பெரிய சிக்கல். கரைப் பள்ளிக்குப் படகில் போய்வர முடியாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் நிறைய. அதற்காகவே 2017-இல் ஏரியின் மேலே, மிதக்கும் தரையிலேயே ஒரு தொடக்கப் பள்ளி திறந்தார்கள். ஏரி மீனவர் சங்கமும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது.

120 அடியும் 768.5 மீட்டரும்

நம் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் எவ்வளவு என்று தெரியும். 120 அடி. அந்த எண்ணைப் பார்த்துத்தான் டெல்டா விதைக்கிறது. 1934-இல் கட்டி முடித்த அந்த அணைக்காக மூழ்கிய ஊர்களும் உண்டு. நீர் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவக் கோபுரமும் தலைகாட்டும்போது படம் எடுக்கக் கூட்டம் கூடும். ஊரை இழந்தவர்களின் பேரன்கள் அதே நீர்த்தேக்கத்தில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறார்கள்.

லோக்தாக்குக்கும் அப்படி ஒரு எண் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 768.5 மீட்டர். ஏரி நீர் வடிந்து போகும் மணிப்பூர் ஆற்றின் குறுக்கே இத்தாய் என்ற இடத்தில் 1983-இல் ஒரு கதவணை செயலுக்கு வந்தது. தேசிய நீர்மின் கழகம் நடத்தும் லோக்தாக் மின் திட்டத்துக்காக ஏரி நீரைச் சுரங்கம் வழியே மேற்கே லெய்மாதக் பள்ளத்தாக்கில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். சுழலி ஆண்டு முழுதும் சுற்ற வேண்டுமானால் ஏரி ஆண்டு முழுதும் உயர்ந்தே நிற்கவேண்டும். அதனால் பின்பனிக்குப் பிறகு வற்றுவது நின்றது. பும்டி தரை தட்டுவதும் நின்றது.

அதோடு போகவில்லை. பர்மாவின் சிண்ட்வின், ஐராவதி ஆறுகளிலிருந்து முட்டையிட ஏறிவந்த மீன்களுக்கு அணை குறுக்கே நின்றது. மணிப்பூர் மக்கள் போற்றும் பெங்பா மீன் ஏரியில் காணாமலே போனது. இன்று பண்ணையில் வளர்த்துத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. கரையோரத்தில் கோடையில் நெல் விளைந்த தாழ்நிலங்கள் பல்லாயிரம் ஏக்கர் நிரந்தரமாகத் தண்ணீருக்குள் போயின. அந்த நிலத்தின் விவசாயிகள் எங்கே போனார்கள்? பலர் படகேறி ஏரிக்குள் போனார்கள். பும்டியில் குடிசைகள் பெருகியது 1980களுக்குப் பிறகுதான். அதற்கு முன்பும் மீனவர்கள் அங்கே தங்கினார்கள், இவ்வளவு பேர் இல்லை. அணை பறித்த நிலத்துக்கு மாற்றாக மக்கள் தாங்களே கண்டுகொண்ட நிலம் பும்டி என்றால் மிகையில்லை.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைத்த மின்சாரம் எவ்வளவு? நிறுவுதிறன் 105 மெகாவாட். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய அலகு ஒன்று 210 மெகாவாட். அதில் சரிபாதி. ஒரு மலை மாநிலத்துக்கு 1980களில் அந்த மின்சாரம் சின்ன விஷயமில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாற்பது ஆண்டு கழிந்த பின்னும் ஏரியின் கழுத்தை அதே உயரத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி மணிப்பூர் அரசுத் தரப்பிலிருந்தே பலமுறை எழுந்திருக்கிறது. பதில் வரவில்லை.

எரிந்த குடிசைகள்

லோக்தாக் 1990-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. மூன்றே ஆண்டில், 1993-இல், ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களுக்கான மாந்த்ரே பதிவேட்டிலும் ஏறியது. ஏரி கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யார் கெடுத்தார்கள் என்பதில்தான் தகராறு.

2006-இல் மணிப்பூர் சட்டமன்றம் லோக்தாக் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 70.30 சதுர கிலோமீட்டரை மையப் பகுதி என்று வகுத்து, அங்கே பும்டி மேல் வீடு கட்டக்கூடாது, அத்தாபும் போடக்கூடாது என்றது. ஏரியைக் காக்கவேண்டிய சட்டத்தின் கை முதலில் போனது ஏரியில் இருந்தவர்களின் கழுத்துக்கு. 2011 நவம்பரில் லோக்தாக் மேம்பாட்டு ஆணையமும் காவல்துறையும் சேர்ந்து வெளியேற்றத்தில் இறங்கின. நூற்றுக்கணக்கான குடிசைகள் அழிந்தன. பல தீவைத்து எரிக்கப்பட்டன. மூங்கிலும் நாணலும் பற்றி எரிய எவ்வளவு நேரமாகும்?

அந்த நாட்களைக் கேமராவோடு ஏரிக்குள் இருந்து பதிவுசெய்தவர் ஹவோபம் பபன்குமார் என்ற மணிப்பூர் இயக்குநர். முதலில் ‘பும் சாங்’ என்ற ஆவணப்படம். பிறகு 2016-இல், வீடு எரிந்த பயத்திலேயே உறைந்துபோன ஒரு மீனவனைப் பற்றி ‘லோக்தாக் லைரெம்பி’ என்ற கதைப்படம். ஏரியில் வாழும் மக்களையே நடிக்கவைத்து எடுத்த அந்தப் படம் பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போனது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான தேசிய விருதும் வாங்கியது. ஒரு பக்கம் சுற்றுச்சூழலின் பேரால் வீட்டை எரிக்கிறார்கள். மறுபக்கம் அந்த எரிப்பைக் காட்டிய படத்துக்குச் சுற்றுச்சூழல் விருது கொடுக்கிறார்கள். இந்த முரணை யாரும் வலிந்து எழுதவேண்டியதில்லை.

ஏரியை விட்டுப் போனவர்கள் திரும்பிவந்தார்கள். மறுபடி குடிசை போட்டார்கள். 2022 ஜூலையில் ஆணையம் இன்னொரு நோட்டீஸ் விட்டது. மிதக்கும் வீடுகளையும் அத்தாபும்களையும் 15 நாளுக்குள் அகற்றவேண்டும்.

சரி, ஏரியை அழுக்காக்கியது யார்? இம்பால் நகரத்தின் கழிவை வாரிக்கொண்டு நம்புல் ஆறு நேராக லோக்தாக்கில் வந்து சேர்கிறது. நமக்கு இது புதுக்கதை இல்லை. ஏற்காட்டில் தெளிவாகப் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடந்ததும் என்ன நிறத்தில் வருகிறது, வெண்ணந்தூர் தாண்டி பரமத்தி வேலூர் பக்கம் காவிரியில் சேரும் வரை எத்தனை கிணறுகளைக் கெடுக்கிறது என்று கரைவிவசாயிகளைக் கேட்டால் தெரியும். சாக்கடை நகரத்தில் பிறக்கிறது. நோட்டீஸ் மட்டும் ஆற்றின் கடைசியில் இருப்பவனுக்கு. லோக்தாக்கில் குடிசைக்காரர்களின் கழிவும் ஏரியில்தான் கலக்கிறது, உண்மை. ஆனால் ஒரு தலைநகரத்தின் சாக்கடையோடு ஒப்பிட்டால் அது எந்த மூலைக்கு?

பார்க்க வருகிறவர்கள்

இப்போது டிட்டிகாகாவுக்குப் போவோம். பெரு நாட்டில், கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில், புனோ நகரத்தின் எதிரே உரோஸ் மக்களின் தீவுகள் இருக்கின்றன. தொட்டோரா என்ற கோரை இனத்தின் வேர்க்கட்டிகளைப் பெரிய துண்டுகளாக அறுத்துக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி உண்டாக்கிய தீவுகள். லோக்தாக்கில் தீவு தானே விளைகிறது, மனிதன் குடியேறுகிறான். டிட்டிகாகாவில் தீவையே மனிதன் கட்டுகிறான். அடிப்பக்கம் அழுக அழுக மேலே புதுக் கோரை போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். வீடும் படகும் அதே கோரை. தண்டின் வெள்ளை அடிப்பகுதியை உரித்துத் தின்னவும் செய்வார்கள். அண்டை வீட்டாரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ரம்பத்தால் தீவை அறுத்துக்கொண்டு தனியே போய்விடுவார்களாம். நம்மூர்ப் பாகப்பிரிவினை வழக்குகளை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

உரோஸ் மக்களின் சொந்த மொழி அழிந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இப்போது பேசுவது ஐமாரா. வருமானத்தில் பெரும்பங்கு சுற்றுலா. படகு வந்து நின்றதும் வண்ண உடையில் வரவேற்பு, தீவு கட்டும் விதத்தைச் சின்ன மாதிரி வைத்து விளக்கம், கைவேலைப் பொருள் விற்பனை. பல குடும்பங்கள் புனோ நகரத்தில் வீடு வைத்துக்கொண்டு பகலில் தீவுக்கு வந்துபோகின்றன. இதைக் கண்டுபிடித்துவிட்டதுபோல் ஏமாற்று என்று எழுதும் பயணிகள் உண்டு. அந்த எரிச்சல் நமக்கு ஒப்பவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கரையில் ஒரு வீடு வைத்துக்கொண்டால் அவர்கள் பழங்குடி இல்லாமல் போய்விடுவார்களா? நாம் மட்டும் தாத்தாவின் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டிக்கொள்ளலாம், அவர்கள் நம் படத்துக்காகக் கோரை மேலேயே படுத்திருக்க வேண்டுமா? டிட்டிகாகாவில் நல்லது ஒன்று உண்டு. தீவில் இறங்கக் காசு வாங்குவது தீவுக்காரர்கள், எப்படிக் காட்டுவது என்று தீர்மானிப்பதும் அவர்களே.

அரசு மனம் வைத்தால் நாணல் வாழ்க்கையை எவ்வளவு வேகமாக அழிக்கமுடியும் என்பதற்குத் தெற்கு இராக் சாட்சி. 1991 கிளர்ச்சிக்குப் பிறகு சதாம் உசேன் அரசு சதுப்புநில அரபுகளின் நீரையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. 2003-இல் அரசு விழுந்ததும் மக்களே கரைகளை வெட்டி நீரைத் திரும்ப விட்டார்கள்.

மிதக்கும் தரையில் வேடிக்கையும் உண்டு, காஷ்மீரின் தால் ஏரியில். அங்கே மிதப்பது வீட்டுமனை அல்ல, காய்கறித் தோட்டம். ராத்திரியில் அடுத்தவன் தோட்டத்தை அப்படியே படகில் கட்டி இழுத்துப்போய்விடும் திருட்டு நடந்ததை 1895-இல் வால்டர் லாரன்ஸ் தன் காஷ்மீர் நூலில் எழுதிவைத்திருக்கிறார். நிலத் திருட்டு என்றால் போலிப் பத்திரம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் மலை, அதே கேள்வி

லோக்தாக்கை வேற்றூர்க் கதையாக நாமகிரிப்பேட்டையில் இருந்துகொண்டு சொல்லமுடியாது. தலையை நிமிர்த்தினால் போதமலை. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள் மேலே இருக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள். நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டு தாண்டியும் வண்டி போகும் சாலை இல்லை. நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறங்குவார்கள். ரேஷன் மூட்டையும் தேர்தல் நேரத்து வாக்கு இயந்திரமும் தலைச்சுமையாக ஏறும். வாக்கு கேட்பவர்கள் வந்தார்கள், சாலை வரவில்லை. காப்புக்காடு, வனத்துறை அனுமதி என்ற பதில்தான் வந்தது. அண்மையில்தான் சாலைப் பணி தொடங்கியிருக்கிறது.

தெற்கே கொல்லிமலைக்கோ 70 கொண்டை ஊசி வளைவைக் கணக்குப் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறுகிறார்கள். ஆகாய கங்கையில் குளியல், அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிடு, போகிற வழியில் சாமை, மிளகு, பலா. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை அனுமதி கேட்காமல் படம் எடுத்து, ‘எளிய மலைவாழ் மக்கள்’ என்று போட்டுவிடுகிறார்கள். அந்தப் பாட்டிக்கு நிலப் பத்திரம் இருக்கிறதா, வன உரிமை மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

மணிப்பூர் ஏரிச் சட்டம் வந்த அதே 2006-இல்தான் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டில் தலைமுறைகளாக இருப்பவர்களின் உரிமையைச் சரிவர அங்கீகரிக்காமல் விட்டது வரலாற்று அநீதி என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. சமூக உரிமைகளில் நீர்நிலைகளின் மீனையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அது காட்டுக்கு. ஏரிக்குள் வாழ்கிறவனுக்கு அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. ஒரே ஆண்டில் காட்டுவாசிக்கு உரிமைச் சட்டம், ஏரிவாசிக்கு வெளியேற்றச் சட்டம். மலையில் குடியிருப்பவனுக்குச் சட்டம் இருந்தும் காகிதம் வரத் தாமதம். ஏரியில் குடியிருப்பவனுக்குக் கேட்பதற்குச் சட்டமே இல்லை.

போவதென்றால்

2023 மே 3-இல் மணிப்பூரில் மூண்ட இனக் கலவரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அறுபதாயிரம் பேர் வரை வீடிழந்தார்கள். லோக்தாக் இருக்கும் பிஷ்ணுபூர் மாவட்டத்தின் எல்லைப்பகுதி மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. ஆகவே பயணம் போடுவதற்கு முன் அந்தந்த நேரத்து நிலைமையை விசாரித்துக்கொள்வது அவசியம். 2020 முதல் வெளிமாநிலத்தார் மணிப்பூருக்குள் நுழைய உள்கோட்டு அனுமதிச் சீட்டும் வேண்டும்.

மொய்ராங் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. தமிழர் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவம் 1944 ஏப்ரல் 14-இல் கொடி ஏற்றியது இந்த ஊரில்தான். நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டரில் பர்மா எல்லையில் மோரே. 1960களில் பர்மாவில் சொத்தைப் பறிகொடுத்து வந்த தமிழர்களில் சிலர், தமிழ்நாட்டில் கால் பாவாமல், பழைய ஊருக்கே திரும்பிவிடலாம் என்று எல்லை வரை நடந்து, உள்ளே விடாததால் அங்கேயே நின்றுவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். எங்கே நிற்க இடம் கிடைக்கிறதோ அதுவே ஊர் என்று வாழ்ந்தவர்கள் நம்மிலும் உண்டு.

ஏரிக்குப் போகிறவர்கள் சுற்றுலாப் படகில் ஒரு வட்டம் சுற்றிவிட்டுத் திரும்பவேண்டாம். மீனவர் படகை வாடகைக்குப் பேசுங்கள், காசு அவர்கள் கையில் போய்ச் சேரும். குடிசைக்குள் கேட்டுவிட்டு ஏறுங்கள். படம் எடுக்கவும் கேளுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அவர்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்றால் அது, இந்த ஆண்டு கோடையில் ஏரி எவ்வளவு இறங்கியது என்பதுதான்.

மத்திய மின்துறைக்கும் மணிப்பூர் அரசுக்கும் சொல்ல வேண்டியதும் அதையொட்டியதே. ஆண்டுக்கு இரண்டு மாதமாவது இத்தாய் மதகுகளைத் திறந்து ஏரியை அதன் பழைய மட்டத்துக்கு இறங்கவிடுங்கள். நம்புல் ஆற்றுக் கழிவை இம்பாலிலேயே சுத்திகரியுங்கள். இந்த இரண்டையும் செய்து முடிக்கும் வரை குடிசைகளுக்கு நோட்டீஸ் அனுப்புவதை நிறுத்திவையுங்கள்.